பேசுமுன் அடையாள அட்டையைக் காட்டு!

இணையத்திலே கூடிப் பேசும் குழுக்களில் சேர விரும்புகின்றவர் எவராயினும், முதலில் தமது தேசிய அடையாள அட்டையைக் காட்டித் தாம் இன்னார் என்று நிரூபித்த பின்னரே வாய் திறக்கலாம் என்று விதி செய்ய வேண்டும் என்னும் பேச்சு பல திசைகளிலிருந்தும் எழுந்துகொண்டிருக்கின்றது. ஆளுகின்றவர்கள் இப்படிப் பேசுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குடிமகன் எங்கே, எவருடன், என்ன பேசுகிறான் என்று அறிய ஆசைப்படாத அரசாங்கம் எங்கே இருக்கின்றது? எம்மை எழுதத் தூண்டியது வேறொன்று. எம்மவர் வாயிலிருந்தும் இதே பேச்சு வருகின்றது. ஊர்ச் சங்கங்கள் சிலவும் பழைய மாணவர் சங்கங்கள் சிலவும் தமது வட்ஸ்அப், முகநூல் குழுக்களில் சேர வருவோரிடம் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ படம்பிடித்து அனுப்பும்படி கேட்கத் தொடங்கியிருக்கின்றன. வாங்கிய படங்கள் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் கிடக்கின்றன. இது நல்ல ஒழுங்கு என்று நம்புகின்ற அன்பர்களுக்காகவே முக்கியமாக இதனை எழுதுகின்றோம்.

அவர்களுடைய கவலை பொய்யானதன்று. ஒரு பெண்ணின் பெயரிலே போலிக் கணக்கைத் திறந்து, அவளுடைய முகத்தை வேறோர் உடலில் ஒட்டி ஊரெங்கும் பரப்புகின்ற கயவர்கள் இருக்கின்றார்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் போல் நடித்து முதியவர்களிடம் பணம் பறிப்போர் இருக்கின்றார்கள். சாதியின் பெயராலும் சமயத்தின் பெயராலும் நஞ்சைக் கக்கிவிட்டுப் புனைபெயரின் நிழலிலே பதுங்கிக்கொள்ளும் வீரர்களுக்கும் குறைவில்லை. இத்தகைய முறைப்பாடுகளைச் சுமந்துகொண்டு சட்டத்தரணிகளின் படியேறும் பெண்களின் கண்ணீரை நாம் அறியாதவர்கள் அல்லர். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள ஓர் உத்தியோகத்தர் இல்லாமல் பொலிஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்தவர்களையும் அறிவோம். ஆகவே, எல்லோரும் அட்டையைக் காட்டட்டும், கள்ளன் அகப்படுவான் என்று அவர்கள் சொல்லும்போது அச்சொல்லின் பின்னால் இருக்கும் வேதனையை மதிக்கின்றோம். சொல்லப்படும் மருந்தைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

குற்றம் நிகழ்ந்த பின்னர் குற்றவாளியைத் தேடுவது ஒரு காரியம். குற்றம் எதுவும் செய்யாத இலட்சக்கணக்கானோரை முன்கூட்டியே பதிந்து வைப்பது முற்றிலும் வேறொரு காரியம். முதலாவதற்கு வேண்டிய சட்டம் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவை இருக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கின்றது. அவ்வழியிலே ஒரு முறைப்பாடு, ஒரு விசாரணை, நீதவான் முன்னிலையில் காட்டப்படும் காரணம், எழுத்து மூலமான கட்டளை என்று படிகள் உண்டு. அவற்றைச் செவ்வையாக நடத்தத் தமிழ் அறிந்த உத்தியோகத்தர்களும் பயிற்சி பெற்ற விசாரணையாளர்களும் வேண்டும். அதற்காகப் போராடுவது நியாயம். எல்லோரும் அட்டை காட்ட வேண்டும் என்ற விதியிலோ இப்படிகளில் ஒன்றுமில்லை. பேச விரும்பியதே ஒருவரைச் சந்தேகிக்கப் போதிய காரணமாகிவிடுகின்றது.

இந்த மருந்தைக் குடித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. இணையத்தில் எழுதப்படும் வசைகளால் மனம் நொந்திருந்த தென்கொரியாவில், 2007ஆம் ஆண்டிலே, நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்களில் கருத்து எழுதுவோர் யாவரும் தமது குடிமக்கள் பதிவிலக்கத்தைக் கொடுத்து மெய்ப்பெயரை நிரூபிக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2009இல் அவ்வரம்பை ஓர் இலட்சமாக இறக்கி வலையை அகலப்படுத்தினார்கள். வசை நின்றதா? நிற்கவில்லை. மெய்ப்பெயரிலேயே வையப் பலர் துணிந்திருந்தனர் போலும்! 2011 யூலையில் நேற், சைவேர்ள்ட் என்னும் இரு தளங்களிலிருந்து ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேருடைய விவரங்கள் களவு போயின. அந்நாட்டின் சனத்தொகையே ஐந்து கோடிதான். 2012 ஓகஸ்ட் 23ஆம் திகதி தென்கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதியை ஏகமனதாகத் தள்ளிற்று. சட்டவிரோதமான எழுத்துக்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தமைக்குச் சான்றில்லை, எழுதுவோர் வெளிநாட்டுத் தளங்களை நாடிப் போய்விட்டனர், பேச்சுச் சுதந்திரமோ நசுங்கிற்று என்பன நீதிமன்றம் கண்ட காரணங்கள்.

கொரியாவின் அனுபவத்தை உலகம் பாடமாகக் கொண்டதாகத் தெரியவில்லை. 2025 யூலையிலே அமெரிக்காவில், பெண்களின் பாதுகாப்புக்கென்றே நடத்தப்பட்ட 'ரீ' என்னும் செயலியிலிருந்து ஏறக்குறைய 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றுள் 13,000 வரையிலானவை, தாம் பெண்தான் என்று நிரூபிப்பதற்காக அப்பெண்கள் கொடுத்த முகப்படங்களும் அடையாளப் பத்திரங்களுமாகும். கெட்ட ஆண்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சென்ற இடத்திலேயே அவர்களுடைய முகங்கள் கெட்டவர்களின் கைக்குப் போயின. அதே ஆண்டு ஒக்டோபரில் டிஸ்கோர்ட் என்னும் பெரு நிறுவனம், வயதைச் சரிபார்ப்பதற்காகப் பெறப்பட்ட அரசாங்க அடையாளப் பத்திரங்களின் படங்களுள் ஏறக்குறைய 70,000 பேருடையவை வெளியாகியிருக்கக்கூடும் என்று தானே அறிவித்தது. நிறுவனத்தின் வேலையைக் குத்தகைக்குச் செய்த வெளியார் மூலமே அக்கசிவு நேர்ந்தது. கோடி கோடியாகச் செலவிடும் நிறுவனங்களின் பெட்டகங்களுக்கே இக்கதி என்றால், எமது சங்கச் செயலாளரின் கைத்தொலைபேசிக்கு என்ன பூட்டு இருக்கின்றது? அந்தத் தொலைபேசியிலே அவருடைய பிள்ளை விளையாடுகின்றது!

களவு தற்செயலாக நேர்வது. பட்டியலை அதிகாரத்தோடு கேட்டு வருபவர்களை என்ன செய்வது? சட்டம் பயின்றவர்கள் இவ்விடத்தில் அலபாமா வழக்கை நினையாதிருக்க முடியாது. அமெரிக்காவின் தென் மாநிலமாகிய அலபாமாவில், பஸ் வண்டிகளிலே கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை எதிர்த்து 1955 டிசம்பரில் மொன்ற்கொமரி நகரத்துப் பகிஷ்காரம் தொடங்கிற்று. மறு ஆண்டில் அம்மாநிலச் சட்டமா அதிபர், கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்துவந்த தேசிய சங்கம் மாநிலச் சட்டப்படி பதிவு செய்யவில்லை என்று வழக்கிட்டார். சங்கத்தின் அங்கத்தவர் யாவருடைய பெயரும் விலாசமும் தரப்பட வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. சங்கம் ஏனைய பத்திரங்களைக் கொடுக்க முன்வந்தது. சாதாரண அங்கத்தவரின் பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுக்க மறுத்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக ஓர் இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அன்றைய காலத்தில் அது ஒரு சங்கத்தை அழிக்கப் போதுமான பணம்.

வழக்கு வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1958 யூன் 30ஆம் திகதி நீதியரசர் ஹார்லன் எழுதிய ஏகமனதான தீர்ப்பு வெளிவந்தது. முன்பு பெயர் வெளிப்பட்ட அங்கத்தவர்கள் வேலை இழந்ததும், பொருளாதாரப் பழிவாங்கலுக்கு ஆளானதும், மிரட்டப்பட்டதும் நீதிமன்றத்தின் முன் காட்டப்பட்டிருந்தன. அலபாமாவோ, அத்தீங்குகளைச் செய்தவர்கள் தனியார், மாநில அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாடிற்று. எவ்வளவு சாதுரியமான வாதம்! நீதிமன்றம் அதற்கு மயங்கவில்லை. அரசு தன் அதிகாரத்தால் பெயரை வெளிப்படுத்தியதனாலேயே தனியாரின் கை நீள்கின்றது என்று கண்டது. ஒன்றுகூடும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, கூடியவர்களின் பெயரைக் கட்டாயமாகக் கேட்பது, அதிலும் அதிகாரத்துக்குப் பிடிக்காத கருத்துடையவர்களிடம் கேட்பது, அவ்வுரிமையையே முடக்குவதாகும் என்று தீர்த்தது. அத்தீர்ப்பு வெளிவந்த நாளில் இலங்கையிலே அவசரகால நிலை நிலவிற்று. மே மாதக் கலவரத்தின் பின் தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டு அதன் தலைவர்கள் வீட்டுக் காவலில் இருந்தார்கள் என்பதையும் இங்கு நினைவூட்டுகின்றோம்.

அலபாமா எங்கோ இருக்கின்றது என்று எண்ணுவோர் எமது வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்கட்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் கதவைச் சற்றே திறப்பதுபோலத் திறந்து, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்கச் சொல்லிற்று. லயத்திலே பிறந்து லயத்திலே வாழ்ந்தவனிடம் ஏது பத்திரம்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. எஞ்சியவர்களுக்காக 2003ஆம் ஆண்டில்கூட ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நிரூபிக்கும் சுமையை எளியவன் தலையில் ஏற்றினால் அவன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமா?

அடையாள அட்டையின் கதையும் அதனோடு ஒட்டியதே. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின்கீழ் 1972இல் அட்டைகள் வழங்கத் தொடங்கினார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களின் ஈற்றிலே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'வீ' எனின் வாக்குரிமை உள்ளவர். 'எக்ஸ்' எனின் இல்லாதவர். அட்டையை வாங்கிப் பார்க்கின்ற எந்த எழுதுவினைஞருக்கும் எந்தக் காவலாளிக்கும் அந்த ஓரெழுத்துச் செய்தி சொல்லிவிடும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாக மாறிய பின் எழுத்து மறைந்தது. ஆனால் பிறந்த ஆண்டும், ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும், பெண்ணாயின் அந்நாளுடன் ஐந்நூறு கூட்டப்பட்டிருப்பதும் இன்றும் அவ்விலக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஊர்க் குழுவிற் சேர அட்டை இலக்கத்தை மட்டும் கொடுத்தேன் என்று நினைக்கின்ற இளம் பெண், தன் பிறந்த நாளையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

அட்டை பெறுவதும் எல்லோருக்கும் ஒன்றுபோல் எளிதன்று. கிராமத்தவருக்கு விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்துபவர் கிராம உத்தியோகத்தர். தோட்டத்தில் வாழ்பவருக்கோ தோட்ட முகாமையாளர், அதாவது அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்! சம்பள உயர்வு கேட்டுக் குழுவொன்றிலே பேச விரும்பும் தொழிலாளி, பேசுவதற்கு வேண்டிய அட்டையை யாரிடம் கையெழுத்து வாங்கிப் பெற வேண்டியிருக்கின்றது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அட்டையின் மொழியும் வடக்கு கிழக்குக்கு வெளியே 2014 வரையில் சிங்களமாகவே இருந்தது. பெயர் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் போய் வருமுன் எழுத்துத் திரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறொன்று என்று ஓர் ஆளே மூவராகிவிடுவது எமது நீதிமன்றங்களில் அன்றாடம் காணும் காட்சி. போதாக்குறைக்கு எமக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் எம்மிடம் அமெரிக்க நிறுவனம் குடும்பப் பெயரைக் கேட்கின்றது. நாம் தகப்பன் பெயரைக் கொடுக்க, அது எம்மைத் தகப்பன் பெயராலேயே அழைக்கின்றது. ஜேர்மனியின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், 2018 மேக்கு முன் முகநூலில் சேர்ந்தோர் மெய்ப்பெயரையே கணக்குப் பெயராக வைக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2022 சனவரி 27ஆம் திகதி தீர்த்தது. அங்குள்ளவர்களுக்காவது குடும்பப் பெயர் இருக்கின்றது.

அட்டை காட்டியவனுக்குப் பாதுகாப்பு உண்டு என்று எவராவது சொன்னால், 2007 யூன் 7ஆம் திகதியை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த 376 தமிழர்களை அதிகாலையில் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். எவர் எந்த அறையில் தங்கியிருக்கின்றார் என்று விடுதியின் பதிவேடு சொல்லும். எந்த ஊரிலே பிறந்தவர் என்று அட்டை சொல்லும். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது உண்மை. பதிவேடு இருந்தமையால் விடியுமுன் முடிந்த காரியம் அது என்பதும் உண்மை. மெய்ப்பெயரில் எழுதியவனுக்கு என்ன மரியாதை கிடைத்தது? மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமது சொந்தப் பெயரிலேயே தமிழ்க் கவிதை நூலை வெளியிட்டார். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டு, 2021 டிசம்பரிலேயே பிணையில் வெளிவந்தார்; 2023 டிசம்பரில் விடுதலை செய்யப்பட்டார். கவிதையைப் படித்து விளங்கிக்கொள்ளத் தெரியாத அதிகாரம், பெயரைப் படித்து விளங்கிக்கொண்டது.

இச்சூழ்நிலையிலேதான் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. சனவரி 24ஆம் திகதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றிற்று. ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று பொய்யான கூற்று எது என்று பார்க்க வேண்டுமாம். இன்னொரு பக்கத்திலே முகம், விரல் ரேகை, கண் திரை யாவற்றையும் பதியும் டிஜிற்றல் அடையாளத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு செய்யப்பட்டது. இவற்றுக்கு எதிரே மக்களுக்குக் கேடயமாக இருக்க வேண்டிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகளோ, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. வாள் முதலில், கேடயம் பின்னர் என்ற ஒழுங்கை எந்த நியாயத்தால் ஒப்புக்கொள்வது?

அப்படியானால் ஒருவர் யார் என்று பார்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். எதற்காக, எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு என்பதே கேள்வி. அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை தேர்தல் இரகசிய வாக்கெடுப்பாக நடைபெற வேண்டும் என்கின்றது. வாக்குச் சாவடி வாசலில் உமது பெயரைக் கேட்கின்றார்கள்; இடாப்பிலே பார்க்கின்றார்கள்; விரலில் மை பூசுகின்றார்கள். உள்ளே நீர் இடும் புள்ளடியின் மேல் உமது பெயரை எழுதச் சொல்வதில்லை. வாசலில் இருக்கும் பெயரும் பெட்டிக்குள் விழும் சீட்டும் ஒன்றோடொன்று பேசாதபடி சட்டம் காவல் நிற்கின்றது. எமது தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய ஏடுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் புனைபெயர்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் அப்படித்தான் எழுதினார்கள். எழுதுகிறவர் யார் என்று பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியும். அந்தோரியார் வந்து கேட்டால் அவர் சொல்லமாட்டார். அந்த நம்பிக்கையிலேயே எமது அரசியல் இலக்கியத்தின் பெரும்பகுதி பிறந்தது.

ஊர்ச் சங்கக் குழுவிற் சேர ஒருவர் அவ்வூரவர்தானா என்று அறிய வேண்டுமாயின், அங்கத்தவர் இருவர் அவரை அறிவோம் என்று சொன்னாற் போதும். பணம் கையாளும் பொருளாளர், நிருவாகத்துக்குப் போட்டியிடும் அபேட்சகர் ஆகியோரிடம் கூடுதலாகக் கேட்பது நியாயம். அவர்களிடமும் அட்டையைக் கண்ணாற் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், படம் எடுக்க வேண்டியதில்லை. பெண்கள் தனியே பேசும் குழுக்களில் ஒரு நிமிட நேர உரையாடலாற் சரிபார்க்கலாம். குழுவுக்குள் புனைபெயரோடு இருக்க விரும்புவோரை இருக்க விடுங்கள். வசை பேசினால் எச்சரியுங்கள், நீக்குங்கள். குற்றம் செய்தால் நீதவானிடம் போங்கள், நாமும் கூட வருகின்றோம். எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் நாம் கேட்பது இது: தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒத்திவைக்கப்பட்ட பகுதிகள் நடைமுறைக்கு வந்து, அரசாங்கத்தின் கையிலிருந்து விடுபட்ட அதிகாரசபை ஒன்று இயங்கும் வரையில், எந்த இணைய மன்றத்தையும் டிஜிற்றல் அடையாள இலக்கத்தோடு பிணைக்கும் எந்தச் சட்டத்துக்கும் கை உயர்த்தாதீர்கள். ஆட்பதிவுத் திணைக்களத்தின் இடாப்பிலே எவர் எப்போது எவருடைய பெயரைத் தேடினார் என்பதை அப்பெயருக்குரியவரே கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டத்தில் எழுதுவியுங்கள்.

சங்கங்களின் செயலாளர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. இதுவரை வாங்கி வைத்திருக்கும் அட்டைப் படங்களை இவ்வாரமே அழித்துவிட்டு, அழித்தோம் என்று அங்கத்தவர்களுக்கு அறிவியுங்கள்.